வெள்ளத்துக்கு யார் ஜவாப்தாரி?

நம் நாட்டில் வெள்ளம் வந்தால் அதற்குக் காரணம் சொல்லுவது மிகவும் சுலபமான காரியமாக இருந்து வருகின்றது. தெய்வம் கோபித்துக் கொண்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விசாரணை முடிந்தது. யாரும் ஜவாப்பு சொல்ல வேண்டியதில்லை. ஒரு பூசை போட்டால் பரிகாரமும் ஆகிவிட்டது.

2013-ம் வருஷம் ஜூன் மாதத்தில் நடந்த ஒரு சங்கதியைப் பாருங்கள். உத்தரகண்டத்தில் மின்சார அணை ஒன்றுக்காகத் தாரி தேவி என்கின்ற அம்மன் விக்கிரகத்தை ஜூன் 16-ந் தேதி மாலை இடம் பெயர்த்து வைத்தார்கள். மறுநாள் காலையில் கேதார்நாத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்து ஊரையே அடித்துக்கொண்டு போயிற்று. அந்த மழை வெள்ளத்தில் மாண்டவர்களும் காணாமற் போனவர்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். உடனே, "தேவியின் கோபம்" என்று பாமர ஜனங்கள் மாத்திரமல்ல, அரசியல் தலைவர்கள்கூடச் சொன்னார்கள். நாம் கேட்கின்றோம்: விக்கிரகத்தைத் தூக்குவதற்கு முந்தின நாளே மழை கொட்ட ஆரம்பித்துவிட்டதே, அம்மன் முன்கூட்டியே கோபித்துக் கொண்டாளா? கோபம் அணை கட்டினவர்கள் மேல் என்றால், சாமி கும்பிடப் போன பக்தர்களும், குதிரைக்காரனும், டோலி தூக்கும் கூலியும் சாவானேன்?

நிற்க, உண்மைக் காரணம் என்ன? இமயமலையில் உறைந்து கிடக்கின்ற பனி சும்மா கிடப்பதில்லை. அது ஆறு போலவே, ஆனால் மிக மெதுவாக, கீழே நகர்ந்து வருகின்றது. வரும்போது கல்லையும் மண்ணையும் தள்ளிக் கரை போலக் குவிக்கின்றது. உலகத்தின் உஷ்ணம் ஏறி வருவதால் பனி உருகிப் பின்வாங்குகின்றது. அது விட்டுப்போன பள்ளத்தில், அந்தக் கல்மண் கரைக்குப் பின்னால், தண்ணீர் தேங்கி ஏரியாகின்றது. எந்த இஞ்சினீயரும் கட்டாத கரை அது. பெரு மழையோ மலைச்சரிவோ வந்தால் ஒரே இரவில் உடைந்துபோகும்.

மனிதன் ஏற முடியாத அந்த உச்சியில் நடப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? செயற்கைக்கோள்கள் வானத்திலிருந்து ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிக்கின்றன. நம் ஊர்க் கணக்குப்பிள்ளை புலப்படத்தை வைத்துக்கொண்டு வரப்பு நகர்ந்ததா என்று பார்ப்பது போல, இரண்டு தேதிப் படங்களை ஒத்துப் பார்த்தால், பனி எத்தனை அடி நகர்ந்தது, ஏரி எத்தனை ஏக்கர் வளர்ந்தது என்பது தெரிந்துவிடும். ரேடார் வைத்த கோளுக்கு மேகமும் இருட்டும் ஒரு தடையல்ல. 2025 ஜூலை 30-ந் தேதி நமது பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து விட்ட நிசார் என்னும் கோள், 12 நாளைக்கு இரண்டு முறை ஒவ்வொரு இடத்தையும் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. ராக்கெட் விடுவதற்கு முன் அதன் பொம்மையைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்க் கும்பிடுகின்ற விஞ்ஞானிகளும் இருக்கின்றார்கள். ஆனால் அது மேலே போவது கணக்கினாலேயொழிய அர்ச்சனையினால் அல்ல.

இமயத்து ஆறுகளின் தலைப்பில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் 2,431 இருப்பதாகவும், அவற்றில் 676 ஏரிகள் 1984 முதல் கணிசமாகப் பெருத்துவிட்டதாகவும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனம் 2024-ல் அறிவித்தது.

ஆனால் தெரிந்துகொண்டால் மாத்திரம் போதுமா? சிக்கிமில் தெற்கு லோனக் என்ற ஏரி இருக்கின்றது. அது வளர்ந்து வருவதையும், உடையக்கூடும் என்பதையும் விஞ்ஞானிகள் படங்களைக் கொண்டு 2013-லேயே எழுதி வெளியிட்டார்கள். 2016-ல் குழாய் வைத்துக் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றினார்கள். அது போதவில்லை. 2023 செப்டம்பர் 28-ந் தேதிப் படத்தில் ஏரி 167.4 ஹெக்டேர், அதாவது நானூறு ஏக்கருக்கு மேல். அக்டோபர் 4-ந் தேதிப் படத்தில் 60.3 ஹெக்டேர். நடுவில் அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்சார நிலையத்தின் அணையை உடைத்துக்கொண்டு, தீஸ்தா நதிக்கரையில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. அப்பொழுது தெய்வத்தின் பேரைச் சொல்லாதவர்களும் "இயற்கையின் சீற்றம்" என்றார்கள். பத்து வருஷம் முன்பே எழுதி வைத்த ஆபத்துக்கு இயற்கை மாத்திரமா ஜவாப்தாரி? பேர் மாறிற்றேயொழிய, மனிதன் தப்பித்துக் கொள்ளுகின்ற வழி மாறவில்லை.

"இமயமலைப் பனிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று முட்டுக்காட்டில் வலை வீசுகின்ற தோழர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கின்றது. முட்டுக்காட்டில் பனியில்லை, ஆனால் வெள்ளம் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேருகின்ற தண்ணீர், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில்தான் கடலைச் சேருகின்றது. கோடையில் அந்த வாயை மணல் அடைத்துவிடும். மழைக்கு முன் அதை வெட்டித் திறக்காவிட்டால் தண்ணீர் பின்னுக்கு ஏறும். வானத்துப் படங்கள் இங்கேயும் பிடிக்கப்பட்டுத்தான் வருகின்றன. வருஷத்துக்கு வருஷம் சதுப்பு நிலம் சுருங்கிக் கட்டடம் பெருகினது அவற்றில் பச்சையாகத் தெரிகின்றது. 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தபொழுது, அதற்குப் பேர் வருண பகவானின் கோபமா?

இன்னும் கேளுங்கள். அந்த வெள்ளத்துக்குப் பின் அடையாற்றுக் கரையிலும் கூவத்தின் கரையிலும் இருந்த ஏழைகளை, ஆபத்தான இடம் என்று சொல்லி அப்புறப்படுத்தினார்கள். எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே இருக்கின்ற பெரும்பாக்கத்தில்! படம் இருந்தது, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் ஏழைக்கு இது போதும் என்று நினைத்தார்கள். 2022-ல் பள்ளிக்கரணையில் 1,247 ஹெக்டேர் ராம்சார் ஸ்தலமாக உலகப் பட்டியலில் ஏறியிருக்கின்றது. பட்டியலில் பேர் ஏறினதால் மாத்திரம் தண்ணீருக்கு வழி பிறந்துவிடாது.

செயற்கைக்கோளைப் புதிய சாமியாக வைத்துக் கும்பிடும்படி நாம் சொல்லவில்லை. அது வெள்ளத்தைத் தடுக்காது. அது ஒரு சாட்சி. சாட்சியைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியவர்கள் ஜனங்கள்தான். அக்டோபர் 2-ந் தேதி ஊர்தோறும் கிராம சபை கூடுகின்றது. மழைக்காலமும் அதை ஒட்டியே வருகின்றது. அங்கே எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: நம் ஊரில் தண்ணீர் நிற்கும் இடங்களின் படம் எங்கே? அந்த இடங்களில் கட்டடம் கட்ட உத்தரவு கொடுத்தவர் யார்? முகத்துவாரத்து மணலை எந்தத் தேதிக்குள் எடுக்கப் போகின்றீர்கள்? பதில் வரும்வரையில் உட்காராதீர்கள். பூசைக்கு வசூலிக்க வருகின்றவரிடமும், "இயற்கை" என்று கையை விரிக்கின்ற அதிகாரியிடமும் இதே கேள்விகளைக் கேட்கின்ற தைரியம் வந்தால்தான் நமக்குப் பகுத்தறிவு இருப்பதாக அர்த்தம்.