ஜூலை 15 அன்று எங்கே இருந்தீர்கள்?



நேற்றிலிருந்து நம் பழைய மாணவர் குழுவில் மெழுகுவத்திப் படங்களாக வந்து விழுகின்றன. கும்பகோணம் பள்ளியில் தீப்பிடித்த 2004 ஜூலை 16 அன்று எங்கே இருந்தோம் என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றாராம். என் தம்பி மகள், டிவியில் பார்த்துவிட்டு அன்று சோறே இறங்கவில்லை என்கிறாள். "நீங்க எங்கே இருந்தீங்க டீச்சர்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. 94 பிள்ளைகள் கருகிப்போன நாளில் நாம் பஸ்ஸுக்கு நின்றோமா, டீ குடித்தோமா என்பது யாருக்கு வேண்டும்? பிள்ளைகளின் கதை நாம் அழுத கதையாகிவிடுகிறது.

கேட்பதானால் முந்தின நாளைப் பற்றிக் கேளுங்கள். ஜூலை 15, வியாழக்கிழமை. காமராசர் பிறந்தநாள். காலை இறைவணக்கக் கூட்டத்தில் நான்தான் பேசினேன், பசித்த பிள்ளைக்குப் பள்ளியில் சோறு போட்டவர் என்று. பேசிவிட்டு என் நாலாம் வகுப்புக்குப் போனேன். அது ஒரு கீற்றுக் கொட்டகை. ஐம்பத்திரண்டு பிள்ளைகள். ஒரே வாசல், அதிலும் பாதியை அடைத்துக்கொண்டு ஓர் உடைந்த பீரோ. பத்தடி தள்ளிச் சத்துணவு அடுப்பு. காற்று திரும்பினால் புகை உள்ளே வரும், பிள்ளைகள் கண்ணைக் கசக்குவார்கள். "ஆயா, ஈர விறகை வைக்காதீங்க" என்று குரல் கொடுப்பேன். ஆறு வருஷம் அவ்வளவுதான் செய்தேன். கூரை பற்றிக்கொள்ளும் என்று தோன்றவே இல்லை என்றால் அது பொய். ஒரு தடவை தலைமையாசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். "எழுதிக் கொடுங்க டீச்சர், மேலே அனுப்பறேன்" என்றார். எதற்கு வம்பு என்று நான் எழுதவில்லை.

மறுநாள் அங்கே நடந்ததும் இதுதான். சமையல் அடுப்பு, மேலே கீற்றுக் கூரை, இறங்குவதற்குக் குறுகலான ஒரு படி. செய்தி தெரிந்ததும் எங்கள் ஊர்த் தாய்மார்கள் தலைவிரிகோலமாக ஓடிவந்தார்கள். வாசலில் அந்தப் பீரோவில் இடித்துக்கொண்டு, உள்ளே வர முடியாமல் நின்றார்கள். அன்றைக்குத்தான் அதை நகர்த்தினோம். இரண்டு பேர், ஐந்து நிமிஷ வேலை.

பத்து வருஷம் கழித்து, 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூரில் தீர்ப்பு வந்தது. 10 பேருக்குத் தண்டனை, 11 பேருக்கு விடுதலை. பள்ளி நிறுவனர், சமையல் செய்தவர், கல்வித்துறை அலுவலர்கள், ஒரு பொறியாளர் என்று தண்டனை பெற்றவர்களின் பெயர்களைப் பேப்பரில் ஒவ்வொன்றாகப் படித்தேன். விடுதலையானவர்களை ஊரே திட்டியது, நானும் திட்டினேன். தெரிந்திருந்தும் எழுதிக் கொடுக்காத என்னைப் போன்றவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. எங்களை யார் திட்டினார்கள்?

கூரைகளைப் பிரிக்க அரசு உத்தரவு போட்டது, எங்கள் கொட்டகையும் போயிற்று. நல்லது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் அந்தச் சிவப்பு சிலிண்டர் ஸ்டோர் ரூமுக்குள் இருந்தது. வெளியே வைத்தால் பையன்கள் பிடுங்கி விளையாடுவார்களாம். பூட்டுச் சாவி கிளார்க்கின் பையில். அவர் லீவு போட்டால் அன்றைக்குத் தீப்பிடிக்கக் கூடாது!

"நினைவு வைத்திருப்பது மரியாதை இல்லையா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெற்றோர்கள் வருஷா வருஷம் அங்கே வந்து, பிள்ளைகளின் படங்களுக்கு முன்னால் நின்று அழுகிறார்கள். அது நினைவு. நாம் குழுவில் போடுவதற்கு வேறு பெயர்.

நீங்கள் இப்போது அப்பா அம்மாக்கள். பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு டாட்டா காட்டுகிறீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் கேட்டு முடித்ததும், மேல் மாடிவரை ஒரு நடை ஏறிப் பாருங்கள். இறங்குவதற்கு எத்தனை படிக்கட்டு? கம்பிக் கதவுக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம்? சமையல் எங்கே நடக்கிறது? பார்த்ததை இதன் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன். மெழுகுவத்திப் படம் போட்டால் அழித்துவிடுவேன்.