வேடர் வழக்கும் நம் மனச்சாட்சியும்

1911ஆம் ஆண்டு இந்நாட்டில் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பிலே வேடர் எனப் பதியப்பட்டோர் 5,000க்கு மேற்பட்டோர். 1953இல் அத்தொகை 1,000க்கும் கீழே இறங்கிற்று. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் இன அட்டவணையில் வேடர் என்ற தனிப் பெயரே இல்லை. 'ஏனையோர்' என்ற ஒரு சொல்லுக்குள் இத்தீவின் ஆதிக்குடிகள் அடக்கப்பட்டுவிட்டனர்.

இவர்களெல்லாம் மாண்டு மறைந்தவர்கள் அல்லர். பெரும்பாலோர் வேறு பெயரில் எழுதப்பட்டவர்கள். காட்டையடுத்த ஊர்களிற் சிங்களவராகவும், கிழக்குக் கடலோரத்தில் தமிழராகவும் ஏட்டில் ஏறியவர்கள். ஒரு குடியின் பெயர் இவ்வாறு மறைவதற்கு முன் அதன் நிலம் மறைந்தது என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்பும் செய்தி.

1840ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சி 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்று அச்சட்டம் விதித்தது. உறுதியும் தோம்பும் உடையவன் தன் காணியைக் காத்துக்கொண்டான். காகிதமே அறியாத வேடன் எதைக் கொண்டு நிரூபிப்பான்?

அவனுக்கு நிலவுரிமை என்ற எண்ணமே இருந்ததில்லை என்பார் சிலர். அது பிழை. 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் ஆராய்ச்சி நூல் வேடரின் சொத்து வழக்கத்தைத் தெளிவாகக் கூறுகிறது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனித்தனி வேட்டை நிலம் இருந்தது; பிறர் எல்லையை மதித்து நடந்தனர்; மகளுக்கு மணஞ்செய்து கொடுக்கும்போது தேன்கூடுகள் நிறைந்த குன்றை மருமகனுக்கு அளிக்கும் வழக்கமும் இருந்தது.

சீதனம் என்ற சொல்லின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தாரின் வழக்காறுகளை ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவில் தொகுத்து எழுதுவித்தனர். ஆகவே தேசவழமை இன்றும் நீதிமன்றத்தில் நின்று பேசுகிறது. வேடரின் வழக்காற்றைச் சட்டமாகத் தொகுப்பார் எவரும் இருக்கவில்லை. எழுதப்பட்ட வழக்கம் சட்டமாயிற்று. எழுதப்படாத வழக்கம் முடிக்குரிய காடாயிற்று.

சுதந்திரம் வந்த பின்னும் நிலைமை மாறவில்லை. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. சேனநாயக்க சமுத்திரம் நிரம்பியபோது வேடரின் வேட்டைக் காடுகள் நீரில் மூழ்கின. பின்னர் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டம் வந்தது. 1983 நவம்பரில் மதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. தம்பானைப் பகுதி வேடருட் பல குடும்பங்கள் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. முதியவர் திசாஹாமியும் அவரைச் சார்ந்த சில குடும்பத்தினரும் தம் மண்ணை விட்டு அகல மறுத்தனர். தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காட்டில் வில்லோடு நுழைவது அன்று முதற் குற்றமாயிற்று.

கமஞ்செய்யும் நம் வாசகர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நீர்ப்பாசனம் நன்மையே, வயல் விளைவதை வெறுப்பார் எவருமில்லர். ஆனால் ஒருவனுடைய வாழ்நிலத்தை அவனைக் கேளாமலே எடுத்து, ஈடாக ஒரு துண்டுக் காணிக்கு அனுமதிப் பத்திரம் நீட்டுவது நீதியாகுமா? காடு போனபின் காட்டின் சொல்லும் போகும். தேனெடுக்கும் பருவத்தையும் விலங்கின் தடத்தையும் மூலிகையின் குணத்தையும் குறித்த சொற்களுக்குக் குடியேற்றக் காணியில் வேலை என்ன? இன்று வேடர் மொழியை வழங்குவோர் மிகச் சிலரே. கோடரியைத் தோளில் மாட்டி உல்லாசப் பயணிகளின் முன் நிற்பதைப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று அழைப்பது, உயிரை எடுத்தபின் உருவத்துக்கு மாலை சூட்டுவது போன்றதாகும்.

அரசாங்கத்தைக் குறை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. மூதூர், ஈச்சிலம்பற்று முதல் வாகரை, களுவன்கேணி வரையுள்ள கரையோரத்தில் வாழும் வேடர் தமிழ் பேசுவோர். மீன்பிடித்தும், தேனெடுத்தும், சேனை செய்தும் வாழ்வோர். தம் முன்னோருக்குச் சடங்கு செய்து வழிபடுவோர். 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிற் போர் மூண்டபோது அவர்களும் நம்மோடு ஊர் விட்டு ஓடினர். ஆயினும் நம்மிடையே 'வேடன்' என்பது வசைச்சொல்லாக வழங்குவதை யார் மறுப்பார்? வள்ளியம்மையை வேடர் குலக்கொடி என்று கைகூப்பித் தொழும் நாம், வேடர் குலப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தன் குலத்தின் பெயரைச் சொல்ல நாணும் நிலையை உண்டாக்கியிருக்கிறோம். நம் மொழியைப் பேசுகிறார்கள் என்பதனால் அவர்களுடைய வரலாறும் நம்முள் அடங்கிவிட்டது என்று கொள்வது, நமக்குப் பெரும்பான்மையினர் கூறும் அதே வாதமன்றோ?

'அவர்கள் காலத்தோடு முன்னேற வேண்டாமா?' என்று படித்தவர் சிலர் வினவுவர். முன்னேறட்டும். பாடசாலையும் வைத்தியசாலையும் அவர்களுக்கும் உரியவை. வேடர் யாவரும் என்றும் வில்லேந்தி வாழ வேண்டும் என்று எவரும் கோரவில்லை. எதைக் கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களிடமே இருத்தல் வேண்டும் என்பதே கோரிக்கை.

இதற்குச் சட்ட ஆதாரம் இல்லாமலில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, தன் பண்பாட்டைத் துய்க்கவும் தன் மொழியை வழங்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் அளிக்கிறது. 2007ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது இலங்கை ஆதரித்து வாக்களித்தது. ஆதிக்குடிகளை அவர்தம் சம்மதமின்றி நிலத்திலிருந்து அகற்றலாகாது என்கிறது அதன் 10ஆம் உறுப்புரை. பிரகடனம் நாட்டுச் சட்டத்தைப் போல் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. கட்டுப்படுத்தக்கூடிய சர்வதேசத் தொழில் தாபனத்தின் 169ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. வெளிநாட்டு மன்றத்திலே கையுயர்த்தி, உள்நாட்டுச் சட்டத்திலே கைவிரிப்பது எவ்வகை நேர்மை? 2020இல் ரம்பகன் ஓயாப் பகுதிக் காடு சோளச் செய்கைக்காக அழிக்கப்படுவதை எதிர்த்து வேடர் தலைவரே மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது.

ஆகவே நாம் கோருவன இவை. 169ஆம் இலக்கச் சமவாயம் ஏற்கப்பட வேண்டும். வேடரின் காட்டுரிமையும் கரையுரிமையும் சட்டத்தால் வரையறுக்கப்பட வேண்டும். வேடர் எனத் தம்மைப் பதிய விரும்புவோரைக் குடிசன மதிப்பு அப்பெயராலேயே பதிய வேண்டும். இவற்றை வற்புறுத்தித் தமிழ்ப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்திற் குரல் எழுப்ப வேண்டும். வாகரையிலும் மூதூரிலும் நம் சட்டத்தரணிகள் அவர்களின் காணி வழக்குகளைக் கூலி கருதாது ஏற்கட்டும். நம் ஆசிரியர்கள் அவர்தம் முதியோர் வாய்மொழியைக் கேட்டு எழுதி வைக்கட்டும்.

நம் நிலமும் மொழியும் பெயரும் நமக்கு வேண்டும் என்று நெடுங்காலமாக வாதாடி வருகிறோம். அவ்வாதத்தின் வலிமை, நம்மினும் எளியவருக்காக அதனை நாம் எடுத்துரைக்கும் நாளில்தான் உலகுக்குப் புலப்படும்.