பையை எடுத்தாயிற்று, பிறகு?

வயிற்றில் ஒட்டியிருந்த பையை எடுத்தாயிற்று. குடலை உள்ளே வைத்துத் தைத்தாயிற்று. வீட்டுக்கும் வந்தாயிற்று.

வாசலில் ஆரத்தி எடுக்கிறார்கள். "பிடித்த சனி விட்டது" என்று பாட்டி திருஷ்டி கழிக்கிறாள். மத்தியானம் பாயசத்தோடு சாப்பாடு.

அன்று ராத்திரி அந்த மனிதர் கட்டிலுக்கும் கக்கூசுக்குமாகப் பத்துத் தடவை நடக்கிறார்.

போய்விட்டு வந்து படுப்பார். கால் மணி நேரம் ஆகாது. மறுபடி முட்டும். ஓடவேண்டும். ஓடுவதற்குள் வேட்டி கெட்டுப்போகும்.

"ஆபரேஷன் கெட்டுவிட்டதா? புற்றுநோய் திரும்பி வந்துவிட்டதா?"

இந்தக் கேள்வி அவர் மனதைக் குடைகிறது. ஆனால் வாய் திறந்து கேட்கமாட்டார். மனைவி கேட்டால், "ஒன்றுமில்லை, பாயசம் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார். மறுநாள் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார். அடுத்த வாரம் கலியாண வீட்டுக்குப் போகமாட்டார். அடுத்த மாதம் வேலைக்கும் போகமாட்டார்.

இது யாரோ ஒருவருடைய கதை அல்ல. மலக்குடலில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் செய்து, பிழைத்து வந்தவர்களில் பலருடைய கதை.

பெரும்பாலும் ஆபரேஷன் கெட்டிருக்காது. நோயும் திரும்பியிருக்காது. இப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதுதான் குறை!

எதற்காக அந்தப் பை?

மனிதனின் சிறுகுடல் சுமார் 20 அடி நீளம். பெருங்குடல் சுமார் 5 அடி. அதன் கடைசி ஐந்தாறு அங்குலம்தான் மலக்குடல்.

மலக்குடலில் புற்று வந்தால், அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மேலே உள்ள பெருங்குடலைக் கீழே இழுத்து இணைக்கிறார்கள். இணைத்த இடம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அது ஆறும் வரை மலம் அந்த வழியே போகாமல் இருந்தால் ஆபத்து குறையும்.

ரோட்டில் பாலம் கட்டும்போது வண்டிகளை மாற்றுப் பாதையில் விடுகிறார்கள் அல்லவா? அதுபோல, சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே எடுத்து, அதில் ஒரு வாய் வைக்கிறார்கள். இதற்கு இலியாஸ்டமி என்று பெயர். மலம் அந்த வாய் வழியாகப் பையில் விழும். இரண்டு மூன்று மாதம் கழித்தோ, புற்றுநோய் மருந்துகள் முடிந்த பிறகோ, அந்த வாயை மூடிவிடுவார்கள்.

டைபாய்டு காய்ச்சலிலோ காசநோயிலோ குடலில் ஓட்டை விழுந்தவர்களுக்கும் இப்படிப் பை வைப்பது உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குக் கவலை இல்லை. மலக்குடல் அப்படியே இருக்கிறது. வாயை மூடிய பிறகு சில நாள் பேதியாகும், பிறகு சரியாகிவிடும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை நிறைய வெட்டியிருந்தால் மட்டும் பேதி நீடிக்கும். பி12 என்ற சத்தும் குறையும். அதற்கு மருந்து உண்டு.

பெரிய தொல்லை எல்லாம் மலக்குடலை இழந்தவர்களுக்குத்தான்.

பானை போயிற்று

மலக்குடல் வெறும் குழாய் அல்ல. அது ஒரு பானை.

மலம் வந்து சேர்ந்தால் அது விரிந்துகொடுக்கும். வந்திருப்பது காற்றா, தண்ணீரா, கட்டியா என்று மலக்குடலும் ஆசனவாயும் சேர்ந்து கண்டுபிடிக்கும். "இப்போது வேண்டாம், பஸ் ஊர் போய்ச் சேரட்டும்" என்று நினைத்தால் பொறுத்துக்கொள்ளும்.

அந்தப் பானையை எடுத்துவிட்டு, அங்கே ஒரு குழாயை வைத்தால் என்ன ஆகும்? குழாய் தேக்கிவைக்காது. கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்திருந்தால் சுற்றிலும் உள்ள சதை விறைத்துப்போயிருக்கும். நரம்புகளும் அடிபட்டிருக்கலாம். போதாக்குறைக்கு, மாதக்கணக்கில் சும்மா கிடந்த பெருங்குடல், வெகுநாள் வண்டியில் பூட்டாத மாடு மாதிரி முரண்டுபிடிக்கும்.

ஆகவே, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை வரும். ஒரு நாள் முழுவதும் வராமல் இருந்துவிட்டு, மறுநாள் ஒரு மணி நேரத்தில் நாலு தடவை வரும். போய்விட்டு வந்தாலும் பாதி உள்ளேயே இருப்பதுபோல் இருக்கும். சோற்றில் கை வைத்தவுடன் முட்டும்.

இந்தத் தொல்லைக்கு டாக்டர்கள் "லார்ஸ்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மலக்குடல் ஆபரேஷன் செய்து குடலை இணைத்துக்கொண்டவர்களில் 100-க்குச் சுமார் 40 பேருக்கு இது கடுமையாக இருக்கிறது. 40 பேர்! ஆனாலும் ஒவ்வொருவரும் "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"எத்தனை தடவை?"

அந்த மனிதர் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போகிறீர்கள்?"

"ஆறு, ஏழு தடவை ஆகிறது, டாக்டர்."

"போகப் போகச் சரியாகிவிடும்."

அவ்வளவுதான். அடுத்த நோயாளி உள்ளே வருகிறார்.

இந்தக் கேள்வி போதாது. இதைச் சொன்னவர்கள் நோயாளிகளே!

டென்மார்க் நாட்டில் எம்மர்ட்சன், லாவுர்பெர்க் என்ற இரண்டு டாக்டர்கள், இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 900-க்கும் மேற்பட்டவர்களிடம் கேள்விகள் கேட்டார்கள். எந்தத் தொல்லை உங்கள் வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்று கேட்டார்கள். வந்த பதில்களைக் கொண்டு ஐந்து கேள்விகளைத் தேர்ந்தெடுத்து மார்க்கு போட்டார்கள். 2012-ல் அது வெளிவந்தது. மொத்தம் 42 மார்க்கு. இங்கே மார்க்கு கூடினால் கஷ்டம் கூடுதல். 30-ஓ அதற்கு மேலோ போனால் கடுமை.

"எத்தனை தடவை?" என்ற கேள்விக்கு அதிகபட்சம் 5 மார்க்குதான். தண்ணீராகக் கசிகிறதா என்பதற்கு 3. காற்றை அடக்க முடிகிறதா என்பதற்கு 7. போய் வந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போகவேண்டியிருக்கிறதா? அதற்கு 11. முட்டியவுடன் ஓடவேண்டியிருக்கிறதா? அதற்கு 16!

கடைசி இரண்டு கேள்விக்கு மட்டும் 27 மார்க்கு. பாதிக்கு மேல்.

யோசித்துப் பார்த்தால் இது நியாயம்தான். வீட்டிலேயே கடை வைத்திருப்பவர் எட்டுத் தடவை போனாலும் வியாபாரத்தைப் பார்த்துவிடுவார். பஸ் கண்டக்டர் மூன்றே தடவைதான் போகிறார். ஆனால் மூன்றும் ஓடுகிற பஸ்ஸில் முட்டினால் அவர் எங்கே போவார்?

2014-ல் வந்த இன்னொரு ஆய்வில், நோயாளிகளை எது அதிகம் வாட்டுகிறது என்று நிபுணர்களைக் கேட்டார்கள். தடவைக் கணக்கை நிபுணர்கள் பெரிதாக நினைத்தார்கள். அவசரத்தையும், அடுத்தடுத்து ஓடுவதையும் குறைத்து மதிப்பிட்டார்கள். கெட்டிக்கார டாக்டர்கள்தான், கத்தி பிடிப்பதில் மன்னர்கள்தான். ஆனால் நடுராத்திரியில் ஓடுகிறவர் அவர்கள் அல்லவே!

முன்பே சொல்லவேண்டும்

"இதையெல்லாம் முன்பே சொன்னால் நோயாளி பயந்து ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்" என்று ஒரு வாதம் உண்டு.

இது சரியல்ல. உயிரைக் காப்பாற்றும் ஆபரேஷனுக்கு வருகிறவர் கஷ்டத்தைத் தாங்கத் தயாராகத்தான் வருகிறார். அவரால் தாங்க முடியாதது, சொல்லாமல் வந்து விழும் கஷ்டம்தான். சொல்லியிருந்தால், அந்த முதல் ராத்திரியில் அவர் "டாக்டர் சொன்னது இதுதான்" என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்.

விஷயம் முழுவதும் தெரிந்த பிறகு, சிலர், முக்கியமாக வயதானவர்கள், "பையே இருக்கட்டும்" என்று சொல்லக்கூடும். சொல்லட்டும்! அதில் அவமானம் எதுவும் இல்லை. 1954-ல் எலிஸ் சோரன்சன் என்ற டென்மார்க் நர்சு, ஆபரேஷனுக்குப் பிறகு கசிவுக்குப் பயந்து வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்த தன் சகோதரிக்காக, தோலில் ஒட்டிக்கொள்ளும் பையை யோசித்துக் கண்டுபிடித்தார். அந்தப் பை வந்த பிறகு எத்தனையோ பேர் பையோடு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வைக்கிறார்கள். பையோடு ஊர் சுற்றுவது மேலா, பை இல்லாமல் கக்கூசுக்குக் காவல் இருப்பது மேலா என்பதை நோயாளிதான் தீர்மானிக்கவேண்டும்.

மூடுவது என்று முடிவு செய்தால், காரணம் இல்லாமல் தள்ளிப்போடக் கூடாது. வாய் நீண்ட நாள் திறந்தே இருந்தவர்களுக்குப் பிறகு தொல்லை கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

வீட்டில் உள்ளவர்கள்

கக்கூஸ் கதவைத் தட்டக் கூடாது. "இன்னுமா?" என்று கேட்கக் கூடாது. பிள்ளைகள் சிரித்தால் கூப்பிட்டு விளக்கவேண்டும். கக்கூசுக்குப் பக்கத்து அறையில் அவர் படுக்கட்டும். ராத்திரி அங்கே விளக்கு எரியட்டும்.

பட்டினி கிடந்தால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. உடம்புதான் இளைக்கும். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதை விட்டு, ஐந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். சோறு, வாழைப்பழம், தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். காபி, மிளகாய்க் காரம், சாராயம் ஆகியவை முடுக்கிவிடும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால் இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

அடிக்கடி போனால் ஆசனவாய் புண்ணாகும். தேய்த்துத் துடைக்காமல், தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, துத்தநாகக் களிம்பு தடவலாம்.

பெண்கள் படும் பாடு இன்னும் மோசம். ஆண் பிள்ளை நண்பனிடமாவது சொல்லுவான். மருமகளிடம் மாமியார் சொல்லமாட்டாள். மாமியாரிடம் மருமகள் சொல்லமாட்டாள்.

வழி உண்டு

முதல் ஒரு வருஷத்தில் தொல்லை மெல்ல மெல்லக் குறையும். சிலருக்கு இரண்டு வருஷம் ஆகும். அதுவரை சும்மா காத்திருக்கவேண்டியது இல்லை.

இசப்கோல் உமி மலத்தைக் கெட்டியாக்கும். லோபரமைடு என்ற மாத்திரை குடலின் வேகத்தைக் குறைக்கும். எவ்வளவு, எப்போது என்பதை டாக்டர் சொல்லவேண்டும். காற்றை அடக்குவதுபோல ஆசனவாய்த் தசையை இறுக்கி, கொஞ்ச நேரம் பிடித்து, பிறகு தளர்த்தும் பயிற்சியும் உண்டு. தினமும் செய்தால் தசை பலப்படும்.

இதற்கும் அடங்காவிட்டால், அதற்கென்று உள்ள கருவியால் வெதுவெதுப்பான தண்ணீரைச் செலுத்திக் குடலைக் கழுவும் முறை இருக்கிறது. காலையில் கழுவிவிட்டால் பல மணி நேரம் நிம்மதியாக வெளியே போய் வரலாம். இதை ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட பிறகுதான் வீட்டில் செய்யவேண்டும்.

ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் மலமும் பிரியாமல் நின்றுவிட்டால், குடல் அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மலத்தில் ரத்தம் வந்தாலும் காட்டவேண்டும்.

டென்மார்க் டாக்டர்களின் ஐந்து கேள்விகளையும் கேட்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. மறுபரிசோதனைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு தடவையும், ஆஸ்பத்திரிகள் இதைக் கேட்கவேண்டும். டாக்டருக்கு நேரம் இல்லையென்றால் நர்சு கேட்கட்டும்.

யாரும் கேட்காவிட்டால், நோயாளியே பதில்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போகலாம். எழுதத் தெரியாவிட்டால் மகனோ மகளோ எழுதிக் கொடுக்கலாம். சொல்லுவதற்கு வெட்கமாக இருந்தால், டாக்டருக்கு முன்னால் அந்தக் காகிதத்தை நீட்டினால் போதும்.