ஹீட்டர் இல்லாத லாரிகளும் கொஞ்சம் கொசுவத்தியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கற வழக்கமான சாக்குதான், இந்தத் தடவையும் நம்பிடுங்க. திரும்பி வந்ததும் ஏதாவது சினிமா விமர்சனம் போடுவான்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்கு மேட்டர் லாரி. அதுவும் பழைய பிரிட்டிஷ் லாரி. கொஞ்சம் கொசுவத்தி சுத்தப்போறேன், ஆனா சுத்தறது என்னோட கொசுவத்தி இல்லை.

கொஞ்ச நாள் முன்னாடி ஆறு மாசம் ஆன்சைட்ல மான்செஸ்டர்ல இருந்தேன். ஒரு மழை சனிக்கிழமை, ரூம்ல துணி துவைக்கறதை விட்டுட்டு லேலண்ட்ங்கற ஊருக்குக் கிளம்பினேன். ஆமா, அது ஊர் பேருதான். நம்ம ஊர் லாரி நெத்தியில எழுதியிருக்கற அதே லேலண்ட். லங்காஷயர்ல, பிரெஸ்டனுக்குப் பக்கத்துல இருக்கு. 1896-ல் நீராவி வண்டி செய்ய ஆரம்பிச்ச ஒரு கம்பெனி, 1907-ல் ஊர் பேரையே தன் பேரா வச்சுக்கிச்சு. நம்ம எண்ணூர்ல இருந்த அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது இவங்க கூட்டாளியா சேர்ந்ததாலதான்.

அந்த ஊர்ல பழைய லாரிகளுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு. 1982-ல் போப் இங்கிலாந்து வந்தப்ப அவருக்காக லேலண்ட்ல செஞ்ச வண்டி கூட அங்கதான் நிக்குது. எனக்கு என்னவோ லாரிகள் மேலதான் கண்ணு. பேரைக் கேளுங்க: பீவர், ஹிப்போ, பஃபல்லோ, எட்டு சக்கரம் இருந்தா ஆக்டோபஸ். எல்லாம் பளபளன்னு பெயிண்ட் அடிச்சு, பித்தளை எல்லாம் தேய்ச்சு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்னுச்சு.

பக்கத்துல ஒரு தாத்தா நின்னுட்டிருந்தார். எண்பது தாண்டியிருக்கும். ஒரு எட்டு சக்கர வண்டியையே ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது இவ்வளவு சுத்தமா இருந்து நான் பார்த்ததே இல்லை"ன்னார். அவ்வளவுதான், பேச்சு ஆரம்பிச்சுது. மியூசியம் மூடறவரைக்கும் ஓடுச்சு.

அவர் முதல்ல மேட்டா இருந்தாராம். மேட்டுன்னா நம்ம ஊர் கிளீனர்னு வச்சுக்கங்க. 1962-63 குளிர்காலம், இங்கிலாந்துல அந்த நூற்றாண்டோட மோசமான குளிர்கள்ல ஒண்ணு. டீசல் மெழுகு மாதிரி உறைஞ்சு நின்னுடும். டேங்குக்குக் கீழ துணியைக் கொளுத்தி வச்சு டீசலை இளக்கி வண்டியைக் கிளப்புவாங்களாம். அதைக் கேட்டுட்டே இருந்தப்ப எனக்குள்ள இருந்த சேஃப்டி டிரெயினிங் மண்டையில அடிச்சுக்கிச்சு.

அப்புறம் டிரைவர் ஆனார். அட்கின்சன் வண்டி, கார்ட்னர் இஞ்சின், 150 குதிரைத்திறன். இன்னைக்கு நம்ம ஊர் எஸ்யூவி காருக்கு இருக்கற சக்தி. அதை வச்சு வண்டியும் சரக்குமா 24 டன்னை இழுக்கணும். பவர் ஸ்டியரிங் கிடையாது. சிங்க்ரோமெஷ் கிடையாது, ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை ரெண்டு தடவை மிதிக்கணும். மேட்டுல கியர் தவறிப்போச்சுன்னா வண்டி நின்னே போகும். 1957 வரைக்கும் கனரக லாரிக்கு சட்டப்படி வேகமே மணிக்கு 20 மைல்தான். அதாவது 32 கிலோமீட்டர். அதுக்கப்புறம்தான் 30 மைல் ஆச்சு. சட்டப்படி ஒரு நாளைக்கு 11 மணி நேரம் ஓட்டலாம். 1968-ல் வந்த சட்டம்தான் அதை 10 ஆக்குச்சு.

சரக்கு ஏத்தினா வேலை முடிஞ்சிடாது. அப்ப பெரும்பாலும் திறந்த தட்டு லாரிதான். தார்ப்பாயை மேல ஏறி விரிச்சு, கயிறு போட்டு, முடிச்சுப் போட்டு இறுக்கணும். அந்த முடிச்சுக்கு டாலின்னு பேரு. கயித்துலயே ஒரு வளையம் போட்டு, கொக்கியில மாட்டி, திரும்ப வளையத்துக்குள்ள விட்டு இழுக்கறது. நாம ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல படிச்சோமே, கப்பி தத்துவம், அதேதான். கணக்குப்படி நம்ம இழுப்பு மூணு மடங்காகும், உராய்வுல கொஞ்சம் போயிடும். தாத்தா என் பையோட வாரை வாங்கி அதுலயே போட்டுக் காமிச்சார். ரெண்டு செகண்ட். கை நடுங்குச்சு, ஆனா முடிச்சு நடுங்கலை.

இப்ப மெயின் மேட்டர். "எது ரொம்ப கஷ்டம்?"னு கேட்டேன். மலை ஏறறது, மூடுபனி இப்படி ஏதாவது சொல்வார்னு பார்த்தா, "குளிர்"னு ஒரே வார்த்தை.

கேபின்ல ஹீட்டர் கிடையாது. பல வண்டியில அது தனியா காசு கொடுத்து வாங்கற ஐட்டம், முதலாளி வாங்க மாட்டார். இஞ்சின் கேபினுக்கு உள்ளேயே, டிரைவருக்குப் பக்கத்துல இருக்கும். அதனால ஒரு கால் வெந்துட்டிருக்கும், இன்னொரு கால் விறைச்சுப் போயிருக்கும். கதவு இடுக்குல பேப்பரைத் திணிச்சு, கால்ல சாக்கைச் சுத்திக்கிட்டு, ராணுவத்துல இருந்து கழிச்சுக் கட்டின கோட்டைப் போட்டுக்கிட்டு ஓட்டியிருக்காங்க.

1960-களோட பின்பாதியில ஸ்வீடன்ல இருந்து வால்வோவும் ஸ்கேனியாவும் வந்து இறங்குச்சு. உள்ள கதகதப்பு, ஒழுங்கான சீட்டு, சத்தம் கம்மி. "ஒரு தடவை அதுல உட்கார்ந்தவன் திரும்ப பழைய வண்டிக்கு ஏற மாட்டான்"னார் தாத்தா. அதுக்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். அட்கின்சன் 1970-ல் இன்னொரு கம்பெனியோட சேர்ந்துச்சு. லேலண்ட் டாஃப் 1993-ல் திவால். ஃபோடன் 2006-ல், ஈஆர்எஃப் 2007-ல் உற்பத்தியை மூடிட்டாங்க. லேலண்ட் ஊர்ல இன்னைக்கும் லாரி செய்யறாங்க, ஆனா நெத்தியில டாஃப்னுதான் எழுதியிருக்கு.

ஹீட்டர் இல்லாததால மட்டும் ஒரு தொழிலே அழிஞ்சுதுன்னு சொன்னா பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. கம்பெனிகளை எல்லாம் ஒண்ணாக் கட்டி 1968-ல் பிரிட்டிஷ் லேலண்ட்னு பூதம் மாதிரி ஆக்கினது, பணம் போடாம விட்டது, வேலைநிறுத்தம், ஐரோப்பியப் போட்டின்னு காரணம் நிறைய. ஆனா அந்த ஹீட்டர் எனக்கு ஒரு விஷயத்தைப் புரிய வச்சுது. லாரியை வாங்கறவர் ஒருத்தர், ஓட்டறவர் வேற ஒருத்தர். செய்யறவங்க வாங்கறவரைத்தான் கேட்டாங்க. அவருக்கு வேண்டியது எடை குறைவு, டீசல் சிக்கனம், கெட்டுப்போகாத இஞ்சின். அதுல எல்லாம் பிரிட்டிஷ்காரன் கில்லாடி. குளிர்ல நடுங்கினவன் செக்குல கையெழுத்து போடறவன் இல்லையே.

இங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா என் பொழைப்பே அதுதான்.

நான் வேலை பார்க்கறது லாரிக் கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேர்ல. லாரியில ஒரு டப்பா இருக்கும். எங்க போகுது, எவ்வளவு வேகம், எப்ப பிரேக் அடிச்சார், எங்க நின்னார் எல்லாம் அனுப்பும். அதை வச்சு டிரைவருக்கு நூத்துக்கு இத்தனைன்னு மார்க் போடற டாஷ்போர்டு எங்க டீமோடது. அதுல "அனுமதியில்லாத நிறுத்தம்"னு ஒரு விதி. பட்டியல்ல இல்லாத இடத்துல 15 நிமிஷத்துக்கு மேல நின்னா மார்க் கம்மியாகும். அந்த விதிக்குக் கோடு எழுதினது சாட்சாத் அடியேன்தான். எழுதறதுக்கு முன்னாடி ஒரு டிரைவர்கிட்டயாவது பேசினேனா? இல்லை. ரிக்வயர்மென்ட் கொடுத்தது கிளையன்ட். கிளையன்ட்னா லாரி வாங்கறவர்.

தாத்தா சொல்லித்தான் அடுத்த வாரம் ஷாப்புக்குப் போனேன். கடை இல்லைங்க, ஊர் பேரு. இங்கிலாந்துல இருந்து ஸ்காட்லாந்து போற பழைய ஏ6 ரோடு அந்த மலை மேல ஏறி இறங்கும். பனிக்காலத்துல லாரிகள் வரிசையா மாட்டிக்கும். 1970-ல் எம்6 மோட்டார்வே அந்தப் பக்கம் திறந்ததும் லாரிகள் எல்லாம் அதுல போயிடுச்சு. பழைய ரோட்டோட உச்சியில ஒரு நினைவுக்கல் இருக்கு. ராஜாவுக்கோ தளபதிக்கோ இல்லை, அந்த ரோட்டுல வண்டி ஓட்டின டிரைவர்களுக்கும் கூட வந்தவங்களுக்கும். அதோட முடிக்கலை. பனியில மாட்டிக்கிட்டவங்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்த அந்த ஊர் ஜனங்களையும் சேர்த்து நினைவுபடுத்துது.

காத்து அடிக்க அடிக்க அங்க நின்னு யோசிச்சேன். என் கோடு அன்னைக்கு ஓடியிருந்தா, அந்த வீடுகள் எல்லாம் "அனுமதியில்லாத நிறுத்தம்".

ஒரு பேலன்ஸுக்கு இதையும் சொல்லிடறேன். கண்காணிப்பே தப்புன்னு நான் சொல்லலை. டேக்கோகிராஃப்னு ஒரு கருவி, வண்டி எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு தானாவே பதியும். பிரிட்டன்ல டிரைவர் சங்கங்கள் அதை "கேபினுக்குள்ள ஒற்றன்"னு சொல்லி எதிர்த்தாங்க. ஐரோப்பிய நீதிமன்றம் 1979-ல் பிரிட்டனுக்கு எதிரா தீர்ப்பு சொன்னப்புறம்தான் கட்டாயமாச்சு. தாத்தாவும் முதல்ல அதைத் திட்டினவர்தான். "ஆனா அதுக்கு முன்னாடி நேரத்தைப் பேனாவாலதான எழுதினோம்? முதலாளி எவ்வளவு எழுதச் சொல்றாரோ அவ்வளவுதான் எழுதுவோம். அப்புறம் 'என் நேரம் முடிஞ்சது, கருவியே சொல்லுது'ன்னு சொல்ல முடிஞ்சுது"ன்னார். கருவி ரெண்டு பக்கமும் பேசும். யாரைக் கேட்டு அதைச் செஞ்சாங்கங்கறதுதான் கேள்வி.

அதனால என் கட்சி இதுதான். பழைய டிரைவர்கள் சொல்ற கதைகளை வெறும் கொசுவத்தின்னு ஒதுக்கக் கூடாது. "அந்தக் காலத்து மனுஷன் உறுதி, இப்ப இருக்கறவன் சொகுசு"ன்னு தலையில தூக்கி வச்சு ஆடவும் கூடாது. அந்த உறுதி அவங்க ஆசைப்பட்டு வாங்கினது இல்லை, வேற வழியில்லாம வந்தது. ஹீட்டர் கொடுத்திருந்தா யாரும் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டாங்க. எங்க பாஷையில சொன்னா அந்தக் கதைகள் பக் ரிப்போர்ட். அறுபது வருஷம் லேட்டா வந்து சேர்ற பக் ரிப்போர்ட். வண்டியை மியூசியத்துல வச்சுப் பெயிண்ட் அடிச்சுக்கலாம். அதுக்குள்ள எவ்வளவு குளிரும்னு உட்கார்ந்து ஓட்டினவர்தான் சொல்லணும். அவங்க ஒவ்வொருத்தரா போயிட்டிருக்காங்க.

ரூமுக்கு வந்ததும் சங்ககிரிக்குப் போன் போட்டேன். என் பெரியப்பா முப்பது வருஷம் லேலண்டு லாரி ஓட்டினவர். சின்ன வயசுல அவர் வாங்கிட்டு வர்ற நாக்பூர் ஆரஞ்சுதான் எனக்குத் தெரியும். அவர் வேலையைப் பத்தி ஒரு கேள்வி கூட நான் கேட்டதில்லை.

"ஏனுங்க பெரியப்பா, லாரி ஓட்டறப்ப உங்களுக்கு எதுங்க ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எதுக்குக் கண்ணு கேக்கற?"

"சும்மாதானுங்க."

"எடது காலு"ன்னார். "இஞ்சின் சூடு அந்தப் பக்கந்தான கண்ணு. மே மாசத்துல நாக்பூர் தாண்டினா காலு வெந்து போயிரும். சாக்கை நனைச்சுச் சுத்திக்குவோம். அது காஞ்சா மறுக்கா நனைக்கோணும்."

அங்க குளிருக்குக் காஞ்ச சாக்கு, இங்க வெக்கைக்கு ஈரச் சாக்கு. அப்புறம் அவரே சொன்னார்: "இத்தன வருஷத்துல இத யாரும் கேட்டதில்ல கண்ணு. உங்க பெரியம்மா கூட."

இந்தியாவுல மூணரை டன்னுக்கு மேற்பட்ட புது சரக்கு லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்னு ஆனது 2025-ல்தான். பெரியப்பா ரிடையர் ஆகிப் பல வருஷம் கழிச்சு. சொன்னப்ப, "வர்ற பசங்களாவது நல்லாருக்கட்டும்"னு மட்டும் சொன்னார். டீசல் கூடச் செலவாகும்னு முனகற முதலாளிகள் இன்னும் இருக்காங்க. அந்த முனகல் எனக்கு லங்காஷயர்ல கேட்ட மாதிரியே இருக்கு.

ஆபீஸ்ல என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. மீட்டிங்ல சொன்னேன். டிரைவரே காரணம் பதிவு பண்ற மாதிரி ஒரு பட்டன் வைக்கலாம், மோசமான வானிலைன்னா மார்க்கைக் குறைக்க வேண்டாம், முதல்ல நாலு டிரைவர்கிட்ட பேசலாம்னு. "நல்ல ஐடியா, பேக்லாக்ல போடு"ன்னாங்க. நம்ம துறையில அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு ஸ்பிரின்ட்லயும் அதை மேல தூக்கி வச்சுட்டிருக்கேன். இன்னும் நடக்கலை.

உங்க வீட்டுலயும் மாமாவோ சித்தப்பாவோ லாரி ஓட்டினவர் ஒருத்தர் இருப்பார். ஒரு ஞாயித்துக்கிழமை போன்ல ரெக்கார்ட் பட்டனை அமுக்கிட்டு, எது கஷ்டமா இருந்துச்சுன்னு கேட்டு, உங்க பக்கத்துல பதிவாப் போடுங்க. லிங்க் கொடுங்க, நான் வந்து படிக்கிறேன்.

டிஸ்கி: டாலி முடிச்சு எனக்கு இன்னும் வரலை. பெரியப்பாகிட்ட வீடியோ கால்ல காமிச்சேன். "இதுக்கா இங்கிலாந்து போன?"ன்னு கேட்டுட்டு, கொடிக்கயித்துலயே போட்டுக் காமிச்சார்.