தைப் பனிக்குள் நிற்கும் புகை: வடக்கு மாகாண ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்



2022 டிசம்பர் 9ஆம் திகதி இலங்கையின் அரச பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டன. புயல் வந்தால் வெள்ளத்துக்காக விடுமுறை விடுவதுதான் இந்த நாட்டு வழக்கம். அன்று காற்று மாசடைந்ததற்காக விடுமுறை விட்டார்கள். வங்காள விரிகுடாவில் இருந்த மண்டோஸ் புயல், இந்தியப் பெருநிலத்தின் குளிர்ந்த அழுக்குக் காற்றைத் தன் சுழற்சியில் இழுத்து இலங்கையின் மேல் விட்டிருந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்த மோசமான இடங்களில் வவுனியாவும் ஒன்று. அதே நாட்களில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் திறந்த வெளியில் நின்ற மாடுகள் குளிர் தாங்காமல் விழுந்து செத்தன. வடக்கு, கிழக்கு இரண்டிலுமாக இறந்த கால்நடைகள் ஆயிரத்தைத் தாண்டின.

வாடைக் காற்றோடு மாசு வருவது புதிதல்ல. 1999இல் இந்து சமுத்திரத்தின் மேல் நடந்த பெரிய ஆய்வொன்று, மாரிக்குப் பின்னான மாதங்களில் தெற்காசியாவின் புகை கடலின் மேல் பழுப்புப் படலமாகப் பரவிக் கிடப்பதைக் கண்டது. அந்த ஆய்வின் தலைவர்களில் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் இராமநாதன். கங்கைச் சமவெளியில் எழும் புகையை எந்த ஆளுநராலும் மறிக்க முடியாது. இந்த மடல் அதைக் கேட்கவும் இல்லை. வன்னியில் மூட்டி, வன்னியிலேயே தங்கும் புகையைப் பற்றியது இது.

காலபோக அருவி வெட்டு தை, மாசியில் நடக்கிறது. வெட்டு மெசின் போன பின் வயலில் கிடக்கும் வைக்கோலை, வெயில் தாழ்ந்ததும் கொளுத்துகிறார்கள். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல் வெளிகளில் அந்த நேரம் நின்று பார்த்தால் விசயம் விளங்கும். புகை கொஞ்சத் தூரம் நேராக எழும்புகிறது. பனை வட்டின் உயரம் வந்ததும் மேலே போகாமல் வளைந்து, தட்டையாகப் பரவத் தொடங்குகிறது. பொழுதுபட அது குடிமனைகளின் பக்கம் இறங்கி, கூரைகளுக்கு இடையில் அசையாமல் நிற்கிறது.

காரணம் வானிலைதான். தை மாதத்துத் தெளிந்த இரவில் நிலம் வெப்பத்தை வானுக்கு விட்டுக் கெதியாகக் குளிர்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேலுள்ள காற்றோ சூடாகவே இருக்கிறது. கனத்த காற்று மேலெழாது. காற்றோட்டமும் இல்லையென்றால் அடுப்புப் புகை, வைக்கோற் புகை, குப்பைப் புகை, வாகனப் புகை எல்லாம் கீழேயே அடைபட்டுக் கிடக்கும். ஈரப்பதன் கூடும்போது நுண்துணிக்கைகள் நீரை ஏற்றுப் பருக்கின்றன. விடியற்காலையில் ஏ-9 வீதியில் பனி என்று நாம் காண்பதில் இந்தப் புகையும் கலந்திருக்கிறது. சூரியன் ஏறி நிலம் சூடான பிறகே, எட்டரை ஒன்பது மணிபோல, இந்த மூடி உடைகிறது.

பாடசாலை தொடங்குவதோ 7.30க்கு. பிள்ளைகள் சைக்கிள் மிதித்து மூச்சு வாங்கப் போவது, நாளிலேயே மிக மோசமான காற்றுக்குள்.

அளவீடுகள் பெரும்பாலும் இதை மறைத்துவிடுகின்றன. 2.5 மைக்ரோனுக்குக் குறைந்த துணிக்கைகளுக்கு 24 மணிநேரச் சராசரியாக இலங்கையின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதி அனுமதிப்பது கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டலில் அது 15தான். நடுப்பகலின் நல்ல காற்றையும் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது காலை ஆறு முதல் எட்டு வரையுள்ள உச்சம் அமிழ்ந்து போகும். இழுப்பு வருத்தமுள்ள பிள்ளை சராசரியைச் சுவாசிப்பதில்லை. ஆகவே வன்னிக்கு வேண்டியது மணித்தியாலக் கணக்கு.

ஆடி, ஆவணியில் கதை வேறு. அப்போது கச்சான் பலமாக வீசும். புகை தங்காது, புழுதி கிளம்பும். மணலும் கிரவலும் ஏற்றிய டிப்பர்கள் உள்வீதிகளில் ஓட, வேலியோர முருங்கை இலைகள் செம்மண் நிறமாகிவிடும். படங்கு இறுக்கிக் கட்டுவதும் குடிமனைப் பக்கம் வீதிக்குத் தண்ணீர் அடிப்பதும் அந்த மாதங்களின் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழை வந்து கழுவிவிட்டால் கொஞ்ச நாள் நிம்மதி.

மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் அதன் நிர்வாகம் ஆளுநரின் கையில் இருக்கிறது. மாகாண விவசாயம், கல்வி, சுகாதாரம் மூன்றும் தங்களுக்குக் கீழே. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பின் பிரதேச சபைகளும் இயங்குகின்றன. வளிமண்டலவியல் திணைக்களம் வவுனியாவில் நிலையம் வைத்து அவதானிக்கிறது. நாளாந்தம் முன்னறிவிப்பும் தருகிறது. அந்த அறிவிப்பு மீனவருக்குப் போகிறது. அதிபருக்கும் கமக்காரருக்கும் புகை பற்றிய அறிவுரையாகப் போவதில்லை. தெளிந்த வானம், காற்றில்லாத இரவு என்று முன்னறிவிப்பு வந்தால் அடுத்த நாள் காலை எப்படியிருக்கும் என்று சொல்லப் பெரிய கருவி தேவையில்லை.

அப்படிப்பட்ட நாட்களில் மாலை தொடங்கி மறுநாள் காலை வரை வைக்கோலோ குப்பையோ எரிக்கக் கூடாது என்று பிரதேச சபைகள் அறிவிக்கலாம்.  காலை ஒன்றுகூடலையும் விளையாட்டுப் பயிற்சியையும் அதிபர்கள் அன்று பிற்போடலாம்.

கமக்காரரைக் குற்றவாளியாக்கி இதைச் செய்யக் கூடாது. அடுத்த போகத்துக்கு நிலத்தை விரைவாகத் தயார்ப்படுத்த அவருக்கு நெருப்பைவிட மலிவான வழி கிடைக்கவில்லை. ஆனால் நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது பசளையில்லாமல் பட்ட பாட்டை வன்னி அறியும். வைக்கோலைக் கட்டாகக் கட்டும் மெசின்களைக் கமக்கார அமைப்புகள் ஊடாக வாடகைக்குக் கொடுத்தால், கோடையில் புல்லுக்கு அலையும் மாடுகளுக்கும் தீனி கிடைக்கும்.

வரும் காலபோக அருவி வெட்டு தொடங்குமுன் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டச் செயலாளர்களையும், வளிமண்டலவியல் திணைக்கள, கட்டிட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகளையும் ஒரே மேசைக்கு அழையுங்கள். எரிக்கக் கூடாத நாட்களை முதல் நாள் மாலையே பாடசாலைகளுக்கும் கமநல சேவை நிலையங்களுக்கும் அறிவிக்கும் சுற்றறிக்கை ஒன்று, தை பிறக்க முன்னர் தங்கள் கையொப்பத்துடன் வெளிவர வேண்டும்.