பழைய சோறு ரத்தப் புற்றுநோயைத் தடுக்குமா? குடல் பாக்டீரியா சொல்லும் கதை

“பழைய சோறு சாப்பிட்டா கேன்சரே அண்டாது” என்ற வாட்ஸ்அப் தகவலை நம்பி, கீமோதெரபியில் இருக்கும் ரத்தப் புற்றுநோயாளிக்கே நீராகாரம் கொடுக்கிற வீடுகள் உண்டு. அக்கறைதான். ஆனால் ஆபத்து.

குடலுக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஏராளமாகக் குடலை ஒட்டி இருக்கின்றன. நார்ச்சத்தை நல்ல பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட்தான் குடல் சுவருக்குத் தீனி. நியூயார்க், டர்ஹாம், ரீகன்ஸ்பர்க், சப்போரோ மருத்துவமனைகளில் பிறரிடமிருந்து ஸ்டெம் செல் பெற்ற 1,362 பேரின் மல மாதிரிகளை ஆராய்ந்த முடிவு 2020-ல் வெளியானது. பலவகை பாக்டீரியாக்கள் இருந்தவர்களிடையே இறப்பு குறைவு. அதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. தொடர்பு மட்டும் தெளிவு.

சின்சினாட்டி ஆய்வாளர்கள் 2025-ல் இன்னொன்று சொன்னார்கள். வயதாக ஆகக் குடல் சுவர் தளர்கிறது. சில பாக்டீரியாக்களின் சர்க்கரைப் பொருள் ஒன்று ரத்தத்தில் கசிந்து, ரத்தப் புற்றுநோய்க்கு முன்னோடியான பிறழ்ந்த அணுக்களைப் பெருகத் தூண்டுகிறது.

இதில் எங்கேயும் பழைய சோறு இல்லை. ஆரோக்கியமாக இருப்பவர் தாராளமாகச் சாப்பிடலாம், சின்ன வெங்காயத்தோடு. கீமோவில் வெள்ளை அணுக்கள் சரிந்து, குடல் சுவரும் புண்ணாகிக் கிடக்கும்போது, வீட்டில் புளிக்க வைத்த சோற்றிலுள்ள கிருமிகூட ரத்தத்துக்குள் புகுந்துவிடலாம். அப்போது எதைச் சாப்பிடுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த குழப்பம் ஆன்டிபயாட்டிக். அது நல்ல பாக்டீரியாவையும் கொல்லும் என்பது உண்மை. அதற்காக நோயாளி மருந்தை மறுத்தால் உயிருக்கே உலை. ஸ்ரீரங்கத்தில் ராத்திரி 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால், “காலைல பாத்துக்கலாம்” என்று இருக்கக் கூடாது. உடனே காவிரிப் பாலம் தாண்டி, புத்தூர் அரசு மருத்துவமனைக்கோ சிகிச்சை பெறும் இடத்துக்கோ போய்விட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஊசி ஏற வேண்டிய நிலை அது.

தவிர்க்க வேண்டியது வேறு. சளி, இருமலுக்கு மருந்துக் கடையில் “ஒரு செட்” மாத்திரை வாங்கி விழுங்குவது. முக்கியமான பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 விதி 2014 மார்ச்சிலேயே வந்துவிட்டது. திருச்சியில் அந்தப் பதிவேட்டைக் கடை கடையாகப் புரட்டிப் பார்க்க வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. புற்றுநோய் வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, எதைச் சாப்பிடலாம், எப்போது ஓடிவர வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க வேண்டியது மருத்துவமனைகள். இரண்டுக்குமே பெரிய செலவில்லை.