பனிக்காலப் பயணமும் பாதிச் செலவும்

பெஹாலாவில் பணிபுரியும் வங்கியாளர்களாகிய நாங்கள் வங்காளிகளின் பயண ஆர்வத்தை ஆண்டுதோறும் அருகிலிருந்து காண்கிறோம். துர்கா பூஜை விடுமுறைக்கெனப் பல மாதங்களுக்கு முன்பே பணம் சேர்க்கும் குடும்பங்கள் இங்கு ஏராளம். அண்மைக் காலமாக இளைஞர் சிலர் பூஜைக் காலக் கூட்டத்தைத் தவிர்த்து, சனவரி, பிப்ரவரி மாதங்களில் முதுகுப்பையுடன் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கிற்குப் புறப்படுகின்றனர். கூட்டமில்லை, செலவும் பாதிதான் என்பது அவர்கள் கூறும் காரணம். கூட்டமில்லை என்பது மெய். செலவு பாதி என்பதை நாம் ஏற்பதற்கில்லை.

முதலில் வழியைக் காண்போம். ஹவுராவிலிருந்து நேதாஜி எக்ஸ்பிரஸில் கால்கா. அங்கிருந்து 96 கி.மீ. மலை இரயிலில் சிம்லா. பின்னர் பேருந்தில் ரெகாங் பியோ, நாகோ, தாபோ வழியாகக் காசா. தமிழகத்திலிருந்து செல்வோர் தில்லி வழியாக இப்பாதையில் இணையலாம். மணாலியிலிருந்து வரும் குறுக்குவழியில் 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாய் குளிர்காலம் முழுவதும் பனியால் மூடிக் கிடக்கும். கின்னௌர் வழியாகச் செல்லும் நெடுவழியும் பனிப்பொழிவினாலும் மலைச்சரிவினாலும் நாள்கணக்கில் அடைபடுவதுண்டு. ஆகவே, ஏழு நாள் விடுப்பில் ஏழு நாள் பயணத்தை அடக்க முயல்வது இருப்புத்தொகை இல்லாமல் காசோலை எழுதுவதற்கு ஒப்பாகும். மூன்று நாள்களேனும் கையிருப்பாக வேண்டும்.

உடலுக்கும் அவகாசம் தேவை. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதே மருத்துவர் கூறும் நெறி. தலைவலியும் குமட்டலும் தோன்றினால் மேலே ஏறலாகாது. நடை தள்ளாடினாலோ, ஓய்விலும் மூச்சுத் திணறினாலோ உடனே கீழிறங்க வேண்டும். முன்பதிவுப் பணம் வீணாகுமே என்று எண்ணி மேலேறுவோர் சிறு தொகைக்காக உயிரைப் பணயம் வைக்கின்றனர்.

இனி, பாதிச் செலவு என்னும் கணக்கு. ஸ்பிதி மரங்கள் அரிதான குளிர்ப் பாலைநிலம். கோடையில் ஒரே ஒரு போகம் பார்லியும் பட்டாணியும் விளையும். குளிர்காலத்திற்கான உணவு, விறகு, வறட்டி, கால்நடைத் தீவனம் அனைத்தையும் இலையுதிர் காலத்திலேயே சேர்த்துவிடுகின்றனர். இரவு வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 20 பாகைக்கும் இறங்கும் நாள்களில் குழாய்கள் உறைந்துவிடும். தண்ணீரைச் சுமந்து வர வேண்டும். குடும்பம் முழுவதும் ஒரே அறையில் அடுப்பைச் சுற்றி வாழும். அங்கு விருந்தினர் ஒருவர் தங்கினால் அவருக்காக எரிவது அக்குடும்பம் சேர்த்துவைத்த விறகு. வணிகவியலின் முதற்பாடம் இங்கும் பொருந்தும்: விருந்தினர் எண்ணிக்கை குறையும்போது ஒருவருக்கான அடக்கவிலை உயருமேயன்றித் தாழாது. கோடைக் கட்டணத்தில் பாதிக்குப் பேரம் பேசுவது அவ்வீட்டாரின் சேமிப்பிலிருந்து நாம் கடன் பெற்றுத் திருப்பித் தராமல் போவதாகும்.

பருவமல்லாத காலத்தில் வரும் வருவாய் அவர்களுக்குத் தேவையில்லையா என வினவலாம். தேவைதான், விளைச்சலற்ற மாதங்களில் அது பெருந்துணை. அதனாலேயே அது முழு வருவாயாக இருத்தல் வேண்டும் என்கிறோம். பெரிய விடுதிகள் பல பூட்டிக் கிடக்கும் காலத்தில் வீட்டைத் திறந்துவைப்போரின் உழைப்பிற்கு உரிய விலை அதுவே.

புறப்படுவோர் சிலவற்றை மனத்திற்கொள்ளல் நலம். அலைபேசித் தொடர்பு இல்லாத ஊரில் யூபிஐ உதவாது. மின்தடையாலோ பனியாலோ காசாவில் ஏடிஎம் பயன்படாமல் போகலாம். சிறு மதிப்புத் தாள்களாகப் பணம் எடுத்துச் செல்க. அதனை இரண்டு இடங்களில் பிரித்து வைத்திடுக. பயணக் காப்பீட்டு ஆவணத்தில் எந்த உயரம் வரையில், எவ்வகைப் பயணத்திற்குக் காப்பு உண்டு என்பதைப் பணம் செலுத்துமுன் படித்துப் பார்த்திடுக. மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குக. வழி அடைபட்டால் அதுவே உணவும் உறையுளுமாகும்.

மலிவு கருதிச் செல்வோர்க்குக் குளிர்காலப் பள்ளத்தாக்கு ஏற்ற இடமன்று. நாளையும் பணத்தையும் சற்றுத் தாராளமாக ஒதுக்க இயன்றவர் செல்லட்டும். இயலாதவர் இன்னும் ஓராண்டு சேமித்துப் பின்னர் செல்லட்டும்.